லாபம், ரெண்டு, மூணு, நாலு

ஆம்பூர்,
12.8.2001

எப்சி,

போன இரண்டு கடிதங்களிலும் நலமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. அதனால் இந்த முறை கேட்கப் போவதில்லை. உனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம பாட்டு ரேடியோவில் வந்துவிட்டது.

பெங்களூரில் புதிதாக ஒரு தனியார் எஃப்.எம். ஆரம்பித்திருக்கிறார்கள். நான் தோல் சாம்பிளைக் கொடுக்க ஒரு ஷூ கம்பெனிக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் ரேடியோ போட்டிருந்தார். ஏதோ சோப்பு விளம்பரம் முடிந்ததும் உன் அண்ணன் குரல் கேட்டது. "லாபம், ரெண்டு, மூணு, நாலு!" அப்புறம் சாந்தகுமாரின் ட்ரம்பெட், உன் டிராம்போன், எனக்கே சகிக்காத என் குரல். "ஆறு மணி சங்கு" முழுசாக ஓடியது. ஜோவின் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவன் குரல் சிவாஜி நகர் சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது கேட்டால் மனுஷன் என்ன செய்வான், சொல்லு. ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"இன்னா சார், எறங்கணுமா?"

"இல்லப்பா. பாட்டு முடியட்டும்."

டிரைவர் திருப்பத்தூர்க்காரர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கல்யாண பேண்டு செட்டுக்கு வெறி புடிச்சா மாதிரி இருக்குது சார், ஆனா நல்லாக்கீது" என்றார். நாம் வாசிக்கிற ஸ்கா பங்க் இசை என்றால் என்ன என்று இரண்டு வருஷமாக எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேனே, அந்த ஆள் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நம்ம ஷூ ஃபேக்டரிக்கு வந்த இங்கிலீஷ் டெக்னீஷியன் விட்டுப்போன கேசட் பையை உங்கள் வீட்டில் வைத்துப் பிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அட்டையில் அந்தப் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்து ஜோவின் ஏதோ ஷூ பாலிஷ் பெயர் என்றான்.

இப்போது தினமும் போன் வருகிறது. என் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்த கேசட் எல்லாம் போய்விட்டது. என்ஜினியரிங் காலேஜ் பையன்கள் நேரே டேனரி வாசலுக்கே வந்து, "சார், வெட் ப்ளூ பேண்டு இங்கதானே?" என்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு வெட் ப்ளூ என்றால் குரோம் போட்டு எடுத்த நீல நிற ஈரத்தோல் மட்டும்தான். "எத்தனை ஸ்கொயர் ஃபீட் வேணும்?" என்று அவர்களிடம் கேட்டுவிட்டார்.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நாலு பேரில் ஒருவன் இல்லை. சாந்தகுமார் பேசுகிற ஆள் இல்லை. நீ ஒருத்தி மிச்சம், நீயும் ஒரு வார்த்தை சொல்லாமல் விமானம் ஏறிப் போய்விட்டாய். மூன்றாவது தடவையாகக் கேசட்டை இதோடு அனுப்புகிறேன். கேட்டுவிட்டுத் திட்டியாவது எழுது.

வக்கார்


குவைத்,
3.9.2001

திரு. வக்கார் அகமது அவர்களுக்கு,

கேசட் கிடைத்தது. முதலில் அனுப்பிய இரண்டும் கிடைத்தன. மூன்றையும் பிரிக்கவில்லை. மேல் தாள் கிழியாமல் பெட்டியில் ஸ்வெட்டருக்குக் கீழே இருக்கின்றன.

நான் நலம். ஆண்கள் சர்ஜிகல் வார்டில் போட்டிருக்கிறார்கள். அறையில் என்னோடு மேல்விஷாரத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பெயர் சைரா. அவளும் நர்ஸ்தான். நன்றாகச் சமைக்கிறாள். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், டியூட்டிக்குப் போகிறேன். இங்கே எதற்குமே வாசனை கிடையாது. நம் ஊர்த் தோல் நாற்றம் இல்லாத இடத்தில் ஆரம்பத்தில் தூக்கம் வரவில்லை, இப்போது வருகிறது.

ரேடியோவில் பாட்டு வந்தது சந்தோஷம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

சொல்லாமல் போனதாக எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? அண்ணனுக்கு மூன்றாம் நாள் ஜெபம் நடந்தபோது வீடு முழுக்க ஆட்கள். பேரணாம்பட்டிலிருந்து பெரியப்பா வந்தார். உங்கள் அப்பா வந்தார், கடைசி வரிசையில் தொப்பியைக் கழற்றாமல் நின்றார், பாதிரியார் முடிக்கும்வரை இருந்தார். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வக்கார் எங்கடி?" என்று என்னைக் கேட்டாள். சாந்தகுமார்தான் சொன்னார், நீங்கள் பெங்களூருக்கு ஸ்டுடியோவுக்குப் போயிருப்பதாக.

நாங்கள் இங்கே மூன்றாம் நாள் ஜெபத்தை முடித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் அங்கே ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அதில் கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகையும் அப்படித்தான். அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியாக "நீ அழுதியா" என்று கேட்கிறாள். இல்லை என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

இனி கேசட் அனுப்ப வேண்டாம்.

டை. எப்சி


ஆம்பூர்,
25.9.2001

எப்சி,

திரு. வக்கார் அகமது அவர்களா? நல்லது. எங்கள் வீட்டு ரேஷன் கார்டில்கூட என்னை இவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை.

நீ கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். அடக்கத்துக்கு நான் இருந்தேன். கல்லறை வரை நடந்தேன், மண் போட்டேன். அது உனக்குத் தெரியும், நீ என்னைப் பார்த்தாய். மூன்றாம் நாள் இல்லை. ஏன் என்றால் அந்த ஸ்டுடியோவில் டேப் நம்முடையது கிடையாது. வாடகை டேப். மிக்ஸ் முடித்து வேறு டேப்புக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் அடுத்த பார்ட்டி வந்து அதன் மேலேயே பதிவு பண்ணிவிடும், அதுதான் அங்கே வழக்கம். நமக்கு அடுத்து ஒரு பஜனை கோஷ்டி புக் பண்ணியிருந்தார்கள். இரண்டு நாள் தள்ளிக் கொடுங்கள் என்று போனில் கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டார்கள். ஜோவின் வாசித்த ட்ரம்ஸ் எல்லாம் அதில் இருந்தது. அவன் மேல் ஒரு தடவை மண் போட்டாகிவிட்டது, இன்னொரு தடவை பஜனையும் போட வேண்டுமா என்று பஸ் ஏறிவிட்டேன். மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தாலும் பஸ்தான் ஏறுவேன். நீ கோபித்துக்கொள்ளாவிட்டால் போ.

இப்போது முக்கியமான விஷயம். பம்பாயிலிருந்து ஒரு கேசட் கம்பெனி ஆள் வந்தார். நம்ம ஆல்பத்தை சி.டி.யாகப் போட்டு இந்தியா முழுக்க விடுகிறேன் என்கிறார். டி.வி. சேனலில் வரும், ஊர் ஊராக ஷோ ஏற்பாடு பண்ணுவார்கள். அமெரிக்கா ஆர்டர் எல்லாம் நின்றுபோய் டேனரியில் தோலைச் சுழற்றிப் பதப்படுத்துகிற மர ட்ரம்மில் பாதி சும்மா கிடக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஒரு கதவு திறக்கிறது. சாந்தகுமார் அழுதுவிட்டார் தெரியுமா? முப்பது வருஷமாக மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசித்த மனுஷன்.

பம்பாய்க்காரருக்கு ஒரே ஒரு நிபந்தனை. பாட்டுக்கு முன்னால் ஜோவின் எண்ணுவதை வெட்டிவிட வேண்டுமாம்.

"சந்தையில் கூவுவது மாதிரி இருக்கிறது" என்றார். நான் அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஊரில் தோல் எண்ணும்போது ஒன்று என்று யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். ட்ரம்முக்குள் தோலைத் தள்ளும்போது முதல் தோலுக்கு லாபம், அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் மூணு. எங்கள் அப்பா பர்கத் என்று ஆரம்பிப்பார், அதுவும் அதேதான். ஜோவின் டேனரியில் ட்ரம்முக்குத் தோல் ஏற்றுகிறவன், அவனுக்கு வேறு மாதிரி எண்ணவே வராது. எல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அது மட்டும் இல்லை, அந்த இடத்தில் பதிவும் சரியில்லை என்றார். லாபம் நல்லா விழுந்திருக்கிறதாம். ரெண்டு மட்டும் எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி கம்மியாக இருக்கிறதாம். மைக்கை விட்டு விலகிப் பேசியிருக்கிறான், இதை வைத்துக்கொண்டு சி.டி. போட முடியாது என்கிறார். அது உண்மைதான். நானும் கேட்டேன், ரெண்டு கம்மியாகத்தான் விழுந்திருக்கிறது.

ஜோவினுக்காக உங்கள் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குப் போனேன். அம்மா காபி கொடுத்தாங்க, எல்லாம் கேட்டாங்க. கடைசியில், "எனக்கு இன்னாப்பா தெரியும். ரெண்டு கிட்ட கேளு. அது சொன்னா போடறேன்" என்றுவிட்டாங்க. உங்கள் அப்பா எங்கள் டேனரியில் தோல் எண்ணுகிற ஆளாக இருந்து பெற்ற பிள்ளைகளையே லாபம், ரெண்டு என்று கூப்பிட்டு வளர்த்ததற்கு நான் இப்போது அல்லாடுகிறேன்.

சொல்லு. அவன் பேசி நம்மிடம் இருக்கிறது அந்த நாலு வார்த்தைதான். அவன் பாடினவன் இல்லை. உங்கள் வீட்டில் வேறு டேப் ஏதும் கிடையாது என்று அம்மா சொன்னாங்க. ஆனால் வெட்டாவிட்டால் கம்பெனி இல்லை.

வக்கார்

பி.கு.: டிராம்போன் சபையினுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று கமிட்டியில் கேட்கிறார்களாம். அப்பாவுக்கு அப்புறம் நீ வாசித்தாய், இப்போது யாரும் வாசிக்கவில்லையே என்று. அம்மா அதை இன்னும் பீரோ மேலேதான் வைத்திருக்கிறாங்க.


குவைத்,
20.10.2001

திரு. வக்கார் அவர்களுக்கு,

வெட்டட்டும். அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நான் தனியாகவும் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். டிராம்போனையும் சபைக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் டேப்பைப் பற்றி எழுதியதால் நானும் ஒன்று எழுதுகிறேன். பிறகு இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

அன்றைக்கு வேலூரில் கேஷுவல்டியில் நான்தான் டியூட்டி. மாதனூர் கிட்டே லாரி மோதிய கேஸ் வருகிறது என்று சொன்னார்கள். டிரே தயார் பண்ணினேன். முகத்தில் துணி போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என்னோடு இருந்த புதுப்பெண் நகத்தைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், சயனோஸ்டா இருக்கு, விரலெல்லாம் நீலம்" என்று ஆக்ஸிஜனுக்கு ஓடினாள். நான் சொன்னேன், "அது இல்லம்மா. அது குரோம். டேனரில வேலை செய்றவங்க." சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. துணியை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

எல்லோரும் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. கையைக் கழுவினேன். அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்டோவர் கொடுத்தேன். அதற்கு அப்புறம்தான் அம்மாவுக்குப் போன் செய்தேன். பெரியம்மா வீட்டார் சொன்னது என் காதிலும் விழுந்தது. கல்லு மாதிரி நிக்கிறா பாரு, நர்ஸ் உத்தியோகம் பார்த்தா பொம்பளைக்கு நெஞ்சு மரத்துப்போய்டும் என்று. சொல்லட்டும். மரத்துப்போனதுதான் உண்மை. ஊசி போட்ட இடத்தை அழுத்தினால் அழுத்தம் தெரியும், வலி தெரியாது. நான் அப்படித்தான் இருக்கிறேன். போன வாரம் இங்கே ஒரு கிழவர் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். கண்ணை மூடிவிட்டு வந்து சைரா செய்த பிரியாணியைச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

லாபமே போய்விட்டது. அந்த வார்த்தை சி.டி.யில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நீங்களும் சாந்தகுமாரும் முன்னுக்கு வாருங்கள். அண்ணன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். அவன் எதையும் தனக்கென்று பிடித்துவைத்துக்கொண்டவன் இல்லை.

எப்சி


ஆம்பூர்,
18.11.2001

எப்சி,

உன் கடிதத்தை டேனரி ஆபீசில் வைத்துப் படித்தேன். அன்றைக்கு நீ டியூட்டியில் இருந்தாய் என்று தெரியும். மற்றதெல்லாம் தெரியாது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன், இது மூன்றாவது.

நீ சொன்னபடி ஆகிவிட்டது. அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. கம்பெனிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள். எனக்குப் போட்டுக் காட்டினார்கள். சுத்தமாக இருக்கிறது. ட்ரம்பெட்டில் ஆரம்பிக்கிறது, யாரும் எதையும் எண்ணவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து சி.டி. அடிக்கிற ஆலைக்குப் போகிறதாம். அதற்கு முந்தியே டி.வி.யில் வரும்.

பெங்களூரில் ஷோ பண்ணினோம். எத்தனை ஜனம் தெரியுமா, நம்ம ஊர் தர்கா உரூஸுக்குக் கூட அவ்வளவு பார்த்ததில்லை. டிராம்போனுக்குக் கீபோர்டு வைத்துச் சமாளித்தோம். ட்ரம்ஸுக்கு ஒரு பெங்களூர்ப் பையன். கையில் நல்ல சுத்தம், ஜோவின் மாதிரி கிறுக்குத்தனம் கிடையாது. பாட்டுக்கு முன்னால், "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்றான். நான் கிடாரை மீட்ட ஆரம்பித்தேன். ட்ரம்பெட் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சாந்தகுமார் வாயில் வைத்தபடியே நிற்கிறார். இரண்டாவது முறை எண்ணினான். அப்பவும் ஊதவில்லை. ஜனம் வேண்டுமென்றே செய்கிறோம் என்று நினைத்துக் கைதட்டியது. மூன்றாவது தடவைதான் ஊதினார். இறங்கி வந்ததும் கேட்டேன்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"எனக்கு அவன் எண்ணினாதான் தம்பி மூச்சு எடுக்க வருது. வேற யார் எண்ணினாலும் அது எனக்கு இல்லன்னு தோணுது."

அவருக்கு மரத்துப்போகவில்லை. அதற்காக உன்னைக் குத்திக் காட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டாலும் சரி. வெட்டட்டும் என்று ஒரே வார்த்தையில் நீ எழுதிவிட்டாய், ஆனால் வெட்டுகிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு பட்டனை அழுத்தினான், அவ்வளவுதான். எனக்குப் பேஜாராகப் போய்விட்டது. அன்றைக்கு பஸ் ஏறிப்போய் நான் காப்பாற்றினது என்னவென்றே இப்போது எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்ம பாட்டை முழுசாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, ஹராம் என்றுதான் சொல்வார். "ஆமா, டைட்டஸ் பிள்ள எண்ணுமே, அதையா எடுத்தீங்க?" என்று கேட்டார். உன் அப்பா டைட்டஸ் எண்ணிக் கேட்ட காது. அவருக்கு அது மட்டும் தெரிந்திருக்கிறது.

நான் இனிமேல் இதைப் பற்றி உன்னிடம் கேட்க மாட்டேன். கேசட்டும் அனுப்ப மாட்டேன். உன் பெட்டியில் மூன்று இருக்கிறது, அவன் எண்ணுவது அதில்தான் இருக்கிறது. இனி புதிதாக வருகிற எதிலும் இருக்காது.

வக்கார்


குவைத்,
15.12.2001

வக்கார் அண்ணா,

உங்கள் கடிதம் வந்தபோது படித்தேன், மடித்து வைத்தேன், டியூட்டிக்குப் போனேன். எப்போதும் போலத்தான். இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக. கொஞ்சம் முன்னும் பின்னுமாக இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை சைரா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "ஏய் எப்சி, தமிழ்ப் பாட்டு பாரேன், இன்னாவோ பேண்டு செட்டாட்டம் வருது" என்றாள். நம் பாட்டு. உங்கள் முகம், சாந்தகுமார் அண்ணன் கன்னம் உப்பி நிற்பது எல்லாம் தெரிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் ட்ரம்பெட் ஆரம்பித்து டிராம்போன் வருகிற இடத்தில் ஸ்லைடைத் தள்ளுகிற மாதிரி என் வலது கை தானாக நீண்டது. இஸ்திரிப் பெட்டியோடு நீண்டது. தாமதமாக நீண்டது அண்ணா. என்னுடைய டிராம்போன் எனக்கு முந்தியே வாசிக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஒருநாளும் அந்த இடத்தில் பிந்தியதில்லை, நீங்களே சொல்லுவீர்கள். இரண்டாம் தடவை போட்டபோது கவனமாக இருந்தேன். அப்போதும் பிந்தினேன். எங்கே மூச்சு எடுப்பது என்று தெரியவில்லை. சாந்தகுமார் அண்ணன் சொன்னது அப்போது புரிந்தது.

அதையும் விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து வார்டில் ஷிஃப்ட் மாறும்போது மார்ஃபின் ஆம்பூலை இரண்டு நர்ஸ் சேர்ந்து எண்ணிச் சரிபார்க்க வேண்டும். இங்கே எல்லாம் இங்கிலீஷில்தான். நான் முதல் ஆம்பூலைத் தொட்டு, "லாபம்" என்றேன். சத்தமாகச் சொன்னேன். எதிரே சைரா நின்றிருந்தாள். அவள் சிரித்தாள். "எங்க வூட்ல பர்கத்ம்பாங்க. உங்க அப்பாவும் தோல் எண்ணுவாரா?" என்றாள். ஆமாம் என்றேன். அடுத்த ஆம்பூலைத் தொட்டேன். ரெண்டு என்று சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. அங்கேயே நின்றேன். சைராதான் மிச்சத்தை எண்ணி முடித்தாள்.

அறைக்கு வந்து பெட்டியைத் திறந்து ஒரு கேசட்டைப் பிரித்தேன். சைராவின் செட்டில் போட்டேன்.

லாபம் நன்றாக விழுந்திருக்கிறது. ரெண்டு தூரத்திலிருந்து வருகிறது, அந்தக் கம்பெனிக்காரர் சொன்னது சரி. மூணும் நாலும் மறுபடி கிட்டே வந்துவிடுகின்றன. நீங்களும் அதைக் கேட்டீர்கள், கம்மியாகத்தான் விழுந்திருக்கிறது என்று எழுதினீர்கள். ஏன் கம்மி என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடாரோடு நின்றீர்கள். நான் அவனுக்கு இடது பக்கத்தில், பின்னால் உட்கார்ந்திருந்தேன். மைக் அவனுக்கு நேர் முன்னால் இருந்தது. ஒவ்வொரு தடவையும் லாபம் என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துத்தான் ரெண்டு என்பான். நான் தயாரா என்று பார்ப்பான். வீட்டில் சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, ரோடு தாண்டும்போது எல்லாம் அப்படித்தான். லாபம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, திரும்பி ரெண்டு என்று என்னைச் சொல்லுவான். நான் இருந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பான்.

டேப்பில் அவன் திரும்பினது இருக்கிறது அண்ணா. அதைத்தான் பதிவு சரியில்லை என்று வெட்டியிருக்கிறார்கள். வெட்டச் சொன்னவள் நான்.

வெட்ட வேண்டாம். கம்பெனி போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நீங்களும் சாந்தகுமார் அண்ணனும் இதற்காக எவ்வளவு காத்திருந்தீர்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். ஆலைக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்தால் நிறுத்துங்கள். டிராம்போனை இன்னும் சபைக்குக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அழுதியா என்று அம்மா கேட்டால் இல்லை என்றே சொல்லுங்கள். கேசட்டைத் திரும்பத் திரும்ப முதலுக்குச் சுற்றினேன், அவ்வளவுதான். பாட்டுக்குப் போகவே இல்லை.

எப்சி


ஆம்பூர்,
20.1.2002

எப்சி,

உன் கடிதம் வருவதற்குள் ஆலைக்குப் போய்விட்டது.

கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தில் கடிதம் எங்கேயோ தங்கிவிட்டது போலிருக்கிறது. வந்த அன்றே பம்பாய்க்குப் போன் போட்டேன். அந்த ஆள் நல்லவர்தான், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அடித்து, அட்டையில் போட்டு, லாரியே கிளம்பிவிட்டது என்றார். பழைய டேப்பையும் அவர்கள் ஒப்பந்தப்படி வாங்கிக்கொண்டார்கள். எண்ணுவது இனி நம்ம பழைய கேசட்டில் மட்டும்தான். உன்னிடம் மூன்று இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்.

சி.டி. வந்துவிட்டது. நன்றாகப் போகிறது என்று சொன்னால் கம்மி. சென்னையில், பெங்களூரில், பூனாவில் எல்லாம் கடையில் வைத்திருக்கிறார்களாம். பேப்பரில் படத்தோடு போட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் கடைக்காரர் வாசலிலேயே போட்டு அலற விடுகிறார். நான் அந்த வழியாகப் போகும்போது சந்தோஷப்பட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போகிறேன். ஒன்றும் வருவதில்லை. நீ எழுதியதுதான், அழுத்தம் தெரிகிறது, அதற்கு மேல் இல்லை. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

அவன் திரும்பினான் என்று எழுதினாயே. அதை சாந்தகுமாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் உங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் படித்தேன். நீ அழவில்லை என்று சொல்லச் சொன்னாய், சொன்னேன். "கேசட்ட திரும்பத் திரும்ப சுத்தினாளா?" என்று கேட்டாங்க. ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்றாங்க. டிராம்போன் பீரோ மேலேயே இருக்கிறது. கமிட்டிக்கு, மகள் லீவில் வருகிறாள் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டாங்களாம்.

போன வாரம் வேலூரில் ஒரு காலேஜ் மைதானத்தில் ஷோ. பெங்களூர்ப் பையனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், நீ எண்ணாதே, நான் எண்ணுகிறேன் என்று. மைக் முன்னால் நின்றேன். லாபம் என்றேன். அதற்கு அப்புறம் வாய் மூடிக்கொண்டேன். அடுத்ததை நான் சொல்லவில்லை, யாரையும் சொல்ல விடவும் இல்லை. ஒரு தாளத் தட்டு அளவுக்குச் சும்மா விட்டேன். ஜனம் ஏதோ மைக் ரிப்பேர் என்று நினைத்திருக்கும். அப்புறம் மூணு, நாலு. சாந்தகுமார் சரியாக ஊதினார், ஒரே தடவையில்.

இனிமேல் எல்லா ஷோவிலும் அப்படித்தான் எண்ணுவோம். அந்த ஒரு தட்டு காலியாகவே இருக்கும்.

வக்கார்


குவைத்,
9.2.2002

வக்கார் அண்ணா,

அம்மா கமிட்டிக்குச் சொன்னதைப் பொய்யாக விட வேண்டாம் என்று லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். ஏப்ரலில் கொடுத்திருக்கிறார்கள். சைராவும் வருகிறாள், மேல்விஷாரம் வரை என்னோடு வருவாள்.

டிராம்போன் ஸ்லைடுக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லுங்கள், ஒன்றரை வருஷமாகச் சும்மா கிடந்ததில் இறுகியிருக்கும். என் உதடும் அப்படித்தான் இருக்கும், முதல் வாரம் கேட்கச் சகிக்காது. சாந்தகுமார் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ட்ரம்ஸுக்கு இடது பக்கத்தில், பின்னால் எனக்கு நாற்காலி போடுங்கள். நீங்கள் லாபம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்ப வேண்டாம், உங்களுக்கு அது வராது, ஜனத்தைப் பார்த்தபடியே நில்லுங்கள்.

அடுத்ததை நான் சொல்லிக்கொள்கிறேன்.

எப்சி